7199 கிடைக்காவிட்டால் டைனக்கோ ஸ்டீரியோ 70 ஷோகேஸுக்குத்தானா?

கேள்வியின் சுருக்கம் இது. அமெரிக்காவில் இருந்த பெரியப்பா பயன்படுத்திய டைனக்கோ ஸ்டீரியோ 70 வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று இருபத்தைந்து வருடமாகப் பரணில் கிடந்திருக்கிறது. அதிலிருக்கும் இரண்டு 7199 வால்வுகளில் ஒன்று உடைந்திருக்கிறது. பெரிய அலுமினிய கண்டன்சரின் அடியில் ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. "ஒரிஜினல் பார்ட்ஸ் இல்லாம தொடாதீங்க, ஷோகேஸ்ல வைங்க" என்கிறார் ஒரு மெக்கானிக். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புது போர்டு மாட்டச் சொல்கிறார் இன்னொருவர். 7199 எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: எதை மாற்றினாலும் இது அதே ஆம்ப்பாக இருக்கும், எதை மாற்றினால் வேறு ஆம்ப் ஆகிவிடும்? இதற்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். ஸ்டீரியோ 70 என்பது சேசிஸின் (உலோக அடித்தட்டின்) மேல் நிற்கும் மூன்று ட்ரான்ஸ்ஃபார்மர்கள்தான்: நடுவில் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர், இரு பக்கமும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்கள். வால்வும் கண்டன்சரும் ரெசிஸ்டரும் சைக்கிள் டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். வால்வுக்கு சாக்கெட் வைத்ததே ஒருநாள் பிடுங்கி எறிய வேண்டிவரும் என்பதால்தான். ஆகவே தேடலும் பணமும் முதலில் போக வேண்டிய இடம் 7199 அல்ல.

"ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு இந்த ஆம்ப்பில் பெரிய புனிதம் கிடையாது. 1959-இல் ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்லரின் டைனக்கோ நிறுவனம் இதைப் பெரும்பாலும் கிட்டாகத்தான் விற்றது. பெட்டியில் சேசிஸ், ட்ரான்ஸ்ஃபார்மர்கள், உறுப்புகள் பொருத்தி முடித்த ட்ரைவர் போர்டு, ஒரு புத்தகம் எல்லாம் வரும். மீதி ஒயரிங் முழுவதும் வாங்கியவர் வீட்டு மேசையில் நடந்தது. ஆகவே உங்கள் ஆம்ப்பில் இருப்பது பெரியப்பாவின் ஈயப்பற்றாகவே இருக்கலாம். ஒவ்வொரு இணைப்பையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மங்கி, உருண்டு, ஒயரைச் சுற்றி முடிபோல ஒரு வளையக் கோடு தெரிந்தால் அது ஒட்டாத பற்று. மறுபடி சூடாக்கி, புது ஈயம் வைக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் கரகரப்புக்கு வால்வை விட இதுவே காரணமாக இருப்பது அதிகம்.

முதல் எச்சரிக்கை, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று பிளக்கைச் சொருகாதீர்கள். இது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆம்ப். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர்தான் முதலில் எரியும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 500 விஏ திறனில். 120 வோல்ட் தருவதைவிட 110 வோல்ட் தருவதே இங்கு நல்லது. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய இரும்பு 50 ஹெர்ட்ஸில் அதே வோல்டேஜுக்கு 20 சதவீதம் அதிகக் காந்தப் பாய்வைச் சுமக்கும். சுமை கூடக் கூடச் சூடேறும். 110 வோல்ட் கொடுத்தால் அந்த 20 சதவீதம் சுமார் 13-ஆகக் குறையும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் 6.3-இலிருந்து 5.9 வோல்ட்டுக்கு இறங்கும். அது வால்வுகளுக்கு அனுமதித்த 10 சதவீத எல்லைக்குள்தான். நம் வீட்டு மின்சாரம் இரவில் 250-ஐத் தொட்டால் அந்த 110 தானாகவே 120 ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ட்ரான்ஸ்ஃபார்மர்களைச் சோதிக்க மின்சாரம் தேவையில்லை, சாதாரண மல்டிமீட்டர் போதும். எல்லா வால்வுகளையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரிலும் சிவப்பு ஒயரிலிருந்து நீல ஒயருக்கும், சிவப்பிலிருந்து நீலம்-வெள்ளை ஒயருக்கும் ஓம் அளவு எடுங்கள். இரண்டு பாதியும் அச்சாக ஒன்றாக இருக்காது, உள்சுற்றைவிட வெளிச்சுற்றுக்குக் கம்பி நீளம் அதிகம். இடது சேனலின் அளவுகளும் வலது சேனலின் அளவுகளும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி. 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் சந்தேகம், மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. சில சுற்றுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓம் அளவில் தெரியாது. அதற்கு 8 ஓம் முனையில் 1 வோல்ட் ஏசி கொடுத்து நீலத்துக்கும் நீலம்-வெள்ளைக்கும் இடையே அளக்க வேண்டும். முதன்மைப் பக்கத்தின் இம்பீடன்ஸ் (மீட்டர் காட்டும் ஓம் அல்ல) 4,300 ஓம் என்பதால் சுற்று விகிதம் சுமார் 23. ஆகவே 23 வோல்ட் ஒட்டி வர வேண்டும். கொடுத்த 1 வோல்ட்டே அமுங்கிப்போனால் உள்ளே ஷார்ட். இந்தச் சோதனைக்கு ஹீட்டர் சுருளின் 6.3 வோல்ட்டை எடுத்துவிடாதீர்கள், மறுபக்கம் 140 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் நல்ல வைண்டிங் கடையில் மறுபடி சுற்றலாம். சுற்றும்போதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் முதன்மைச் சுருள் போடச் சொன்னால் ஸ்டெப்-டவுன் தொல்லையும் ஒழியும். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் அப்படியல்ல. அதில் முதன்மைச் சுருளும் துணைச் சுருளும் அடுக்கடுக்காக மாறி மாறிச் சுற்றப்பட்டிருக்கும். அந்த அடுக்கு வரிசை தெரியாமல் சுற்றினால் ஓசை வரும், ஆனால் மேல் சுருதிகள் மழுங்கும். வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பிக் கொடுக்கும் எதிர்ப் பின்னூட்டத்தோடு சேர்ந்து ஊளையிடவும் கூடும். அதற்கு அமெரிக்காவில் இன்றும் செய்யப்படும் நகல்களை வாங்குவதே சரி. கனம் காரணமாகக் கூரியர் செலவு வலிக்கும்.

மூன்றும் நன்றாக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அடுத்து நான் கை வைக்கச் சொல்வது யார் கண்ணிலும் படாத ஒன்றில். அடியில், சிறிய தகடுகளை அடுக்கினாற்போல ஒரு செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் நான்கு ஈஎல்34 வால்வுகளின் கிரிட்டுக்கும் (கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கும்) மைனஸ் வோல்டேஜ் தருவது அதுதான். செலினியம் வயதானால் உள்தடை கூடும், மைனஸ் குறையும், ஈஎல்34-இல் ஓடும் கரன்ட் ஏறும், அதன் உள்ளிருக்கும் தகடு சிவக்கும். வால்வு போவதோடு நின்றால் பரவாயில்லை, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக்கொண்டு போகும். எரிந்தால் வரும் புகையும் விஷம். இதைக் கழற்றிவிட்டு ஒரு 1என்4007 டயோடு போடுங்கள். பக்கத்திலிருக்கும் இரண்டு 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களுக்குப் பதில் 100 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் இரண்டு. இங்கேதான் பலர் தலைகீழாக மாட்டுவார்கள். இது மைனஸ் சப்ளை. கண்டன்சரின் பிளஸ் முனைதான் சேசிஸுக்குப் போகும். டயோடின் வெள்ளைக் கோடுள்ள முனை ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம், கோடில்லாத முனை கண்டன்சரின் மைனஸ் பக்கம். ஈஎல்34 எதையும் சொருகாமல் ஆன் செய்து, நான்கு சாக்கெட்டிலும் 5-ஆம் முள்ளில் அளந்தால் மைனஸ் 35 வோல்ட்டைத் தாண்டிப் போக முடிய வேண்டும். போகாவிட்டால் வால்வைச் சொருகாதீர்கள்.

கசிந்திருக்கும் அலுமினிய கண்டன்சர் ஒரே டப்பாவுக்குள் நான்கு கண்டன்சர்: 30, 20, 20, 20 மைக்ரோஃபாரட், 525 வோல்ட். கசிந்தது கசிந்ததுதான், மெதுவாகக் கரன்ட் கொடுத்து உயிர்ப்பிக்கும் வேலை அதற்குப் பயன்படாது. அதே அளவில் புதிதாகச் செய்யும் டப்பாக்கள் வெளிநாட்டில் உண்டு. கிடைக்காவிட்டால் பழையதை அழகுக்காக மேலே அப்படியே விட்டு, ஒயர்களை முழுக்கத் துண்டித்து, அடியில் ஒரு டேக் போர்டில் தனித்தனி கண்டன்சர்களை வையுங்கள். பழையதன்மேல் புதியதை இணையாகப் போடுவது தவறு, பழையது ஷார்ட் ஆனால் எல்லாம் போகும். நம் கடைகளில் 450 வோல்ட் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அது இங்கே போதாது. ட்ரான்ஸ்ஃபார்மர் 360-0-360, வால்வுகள் சூடாகாத நேரத்தில் உச்சம் 509 வோல்ட் வரை போகலாம், மின்சாரம் ஏறியிருந்தால் இன்னும் மேல். 68 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் இரண்டைத் தொடராக இணைத்தால் 34 மைக்ரோஃபாரட், 700 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால்தான் வோல்டேஜ் சமமாகப் பிரியும். ஆஃப் செய்த பிறகு சார்ஜ் இறங்கவும் அதுவே வழி. "பெரிசா போட்டா பாஸ் நல்லா வரும்" என்று முதல் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் போடச் சொல்பவர்கள் உண்டு. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வான ஜிஇசட்34 தாங்குவது 60 வரைதான். பின்னால் வரும் மூன்று இடங்களில் வேண்டுமானால் 47 போடுங்கள்.

ஜிஇசட்34 பழையது நன்றாக இருந்தால் அதை மாற்றவே வேண்டாம். போயிருந்தால் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் செய்த புதியவை கிடைக்கின்றன. இவற்றில் சில உள்ளே தீப்பொறி பறந்து சாகும் என்பது பரவலான குறை. அதற்குக் காப்பாக 4-ஆம், 6-ஆம் முள்ளுக்குப் போகும் ஒவ்வொரு ஒயரிலும் இரண்டு 1என்4007-ஐத் தொடராக வையுங்கள், கோடுள்ள முனை வால்வு பக்கம். ஒன்று போதாது, தலைகீழ் வோல்டேஜ் 1,000-ஐத் தாண்டும். வால்வுக்குள் பொறி பறந்தாலும் ஏசி கண்டன்சருக்குப் பாயாது. "5யு4 கைவசம் இருக்கு, அதே சாக்கெட்தான்" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஜிஇசட்34 ஹீட்டர் 1.9 ஆம்பியர், 5யு4 இழுப்பது 3 ஆம்பியர். தவிர, அது சில நொடியில் வோல்டேஜை ஏற்றிவிடும். ஈஎல்34 அப்போது இன்னும் குளிர்ந்தே இருக்கும்.

இதையொட்டி இன்னொன்று. வோல்டேஜைத் திருகி ஏற்றும் வேரியாக்கை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பழைய ஆம்ப்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ரெக்டிஃபையர் வால்வு உள்ள ஆம்ப்பில் இது ஏமாற்று. பாதி வோல்டேஜ் வரை ஜிஇசட்34-இன் ஹீட்டர் சரியாகச் சூடேறாது, கண்டன்சருக்கு ஒன்றும் போகாது, பிறகு மொத்தமாகப் போகும். அதைவிட நம் மெக்கானிக்குகளின் சீரீஸ் பல்பு நல்ல வழி. ஸ்டெப்-டவுனுக்கு முன்னால், 230 வோல்ட் பக்கம், ஒரு 60 வாட் குண்டு பல்பு. ஈஎல்34 இல்லாமல் ஆன் செய்தால் பல்பு ஒருமுறை மினுக்கி மங்க வேண்டும். பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள்.

இப்போது 7199. இது ஒரே கண்ணாடிக்குள் ஒரு பென்டோடும் (ஐந்து மின்முனை) ஒரு ட்ரையோடும் (மூன்று மின்முனை) உள்ள ஒன்பது முள் வால்வு. பயன்படுத்திய ஆம்ப்கள் சில, தேடுபவர்கள் பலர், அதனால்தான் இந்த விலை. இதற்கு மாற்றாக நடைமுறையில் நன்றாக வேலை செய்வது 6ஜிஎச்8ஏ. அமெரிக்க கலர் டிவிகளுக்காக மூட்டை மூட்டையாகச் செய்தது, விலையும் குறைவு. ஹீட்டர் அதே 6.3 வோல்ட், 450 மில்லிஆம்பியர். ஆனால் முள் வரிசை வேறு, நேராகச் சொருகக் கூடாது. 1, 3, 4, 5, 8, 9 ஆகிய ஆறு முட்கள் இரண்டிலும் ஒன்றே. 2, 6, 7 மூன்றும் சுழன்றிருக்கின்றன. போர்டில் உள்ள சாக்கெட்டின் 2 (பென்டோடின் தகடு) புது வால்வின் 6-க்குப் போக வேண்டும். சாக்கெட்டின் 6 (கேத்தோடு) வால்வின் 7-க்கு. சாக்கெட்டின் 7 (கிரிட்) வால்வின் 2-க்கு. போர்டில் கோடுகளை வெட்டியும் இதைச் செய்யலாம். ஆனால் அந்தப் பழுப்பு போர்டு அறுபது வருடச் சூட்டில் வெந்தது. சால்டரிங் அயனை ஐந்து நொடி கூடுதலாக வைத்தால் செம்புப் பட்டை உரிந்து கையோடு வரும். கீழே ஒன்பது முள், மேலே ஒன்பது துளை என்று ஒரு அடாப்டர் செய்துகொண்டால் போர்டைத் தொட வேண்டாம். நாளைக்கு 7199 கிடைத்தால் பிடுங்கிவிட்டு அதைச் சொருகலாம். வால்வு இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும், மூடி இடிக்கிறதா என்று பாருங்கள்.

அடாப்டர் செய்ததும் வால்வு இல்லாமல் ஒன்பது முட்களையும் ஒவ்வொன்றாக மீட்டரில் ஒலிக்கவிட்டுப் பாருங்கள். பிறகு வால்வோடு ஆன் செய்து புது வால்வின் 2-ஆம் முள்ளில் டிசி அளங்கள். அது கிரிட், அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் இருக்க வேண்டும். பத்துக்கணக்கில் வோல்ட் நின்றால் ஒயர் மாறியிருக்கிறது. பழைய டிவி வால்வுக் குவியலில் பிசிஎஃப்82 கிடைத்து, உருவமும் முள் வரிசையும் ஒத்துப்போகிறதே என்று தோன்றலாம். அதன் ஹீட்டர் 9.5 வோல்ட், 300 மில்லிஆம்பியர், இங்கே அரைச் சூட்டில்தான் எரியும். இசிஎஃப்82 கிடைத்தால் அது ஆகும், ஹீட்டர் 6.3 வோல்ட்தான், இணைப்பு 6ஜிஎச்8ஏ போலவே.

உடையாமல் மிஞ்சிய ஒரு 7199-ஐ ஒரு சேனலிலும் 6ஜிஎச்8ஏ-ஐ மற்றதிலும் போடாதீர்கள். பெருக்கம் சற்று வேறுபடும், பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்வார். இரண்டிலும் ஒரே வகை போட்டுவிட்டு 7199-ஐப் பஞ்சில் சுற்றி வையுங்கள்.

போர்டில் இருக்கும்போதே 7199-க்கும் ஈஎல்34-க்கும் நடுவிலுள்ள நான்கு 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களையும் மாற்றிவிடுங்கள், 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் போதும். இவை கசிந்தால் ஈஎல்34 கிரிட்டில் பிளஸ் ஏறும். கிரிட் ரெசிஸ்டர் 270 கிலோஓம் என்பதால் 10 மைக்ரோஆம்பியர் கசிவே 2.7 வோல்ட்டைத் தின்றுவிடும், தகடு சிவக்கத் தொடங்க அது போதும். ரெசிஸ்டர்களில் எழுதிய மதிப்பிலிருந்து 20 சதவீதம் விலகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு 47 கிலோஓம் ரெசிஸ்டர்கள் மட்டும் விதிவிலக்கு, அவை ஒன்றுக்கொன்று 1 சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் சமமாகப் பிரிவது அவற்றால்தான்.

ஈஎல்34 பற்றிக் கவலையில்லை, இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். (நம் ஊர்ப் பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஈஎல்84-ஐக் காட்டி இதுதானே என்று கேட்பார்கள். அது ஒன்பது முள், இது எட்டு முள், உறவே இல்லை.) ஒரு சேனலுக்கு இரண்டு வால்வும் ஒரே ரெசிஸ்டரைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு டைனக்கோவினுடையது: 15.6 ஓம், அதில் 1.56 வோல்ட் வரும்வரை கிரிட்டின் மைனஸ் வோல்டேஜைத் திருகி மாற்றச் சொல்வார்கள், அதாவது இரண்டும் சேர்ந்து 100 மில்லிஆம்பியர். ஒரு வால்வு 70-உம் மற்றது 30-உம் இழுத்தாலும் மீட்டர் சரியென்றே சொல்லும் என்பதுதான் இதிலுள்ள ஓட்டை. ஆகவே ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் தனியே 10 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வைத்துவிடுங்கள், 0.4 வோல்ட் என்றால் 40 மில்லிஆம்பியர். 435 வோல்ட்டில் 40 என்பது 17 வாட் சொச்சம், ஈஎல்34-இன் எல்லை 25. பழைய கணக்குப்படி 50 வைத்தால் கிட்டத்தட்ட 22 வாட். அன்றைய வால்வும் அன்றைய 117 வோல்ட்டும் தாங்கின, இன்றைக்கு 40 போதும். ஜோடி வால்வுகளுக்குள் 5 மில்லிஆம்பியருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு ஜோடி தேடுங்கள். வைத்த பத்து நிமிடம் கழித்தும், ஒரு மணி நேரம் கழித்தும் மறுபடி அளக்க வேண்டும். ஸ்பீக்கரோ அதற்குப் பதில் 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டரோ (டம்மி லோடு) இல்லாமல் ஒரு நொடியும் சிக்னல் கொடுக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது மீட்டரில் நிரூபிக்கக்கூடியது. இனி சொல்வது அப்படியல்ல. 6ஜிஎச்8ஏ போட்டால் 7199-இன் "இனிமை" போய்விடும் என்பார்கள். பெயர் தெரியாமல் கேட்டுப் பிரித்துச் சொல்ல முடியும் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. விலையுயர்ந்த எண்ணெய்க் கண்டன்சர்களும் இந்த வகைதான். ஐம்பது வருடம் பெட்டியிலேயே இருந்த பழைய வால்வு புதியதைவிட நல்லது என்பதும் பாதிதான் உண்மை: சில அப்படியே, சில எழுத்தை அழித்து மறுபடி அச்சடித்த போலிகள். வாங்குமுன் கண்ணாடியின் உள்ளே வெள்ளிபோல் பூசிய இடத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னினால் சரி. பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அது பிணம். புது போர்டு மாட்டச் சொன்னவரும் தவறாகச் சொல்லவில்லை. எளிதாகக் கிடைக்கும் வால்வுகளோடு வரும் சில போர்டுகள் பழையதைவிடச் சுத்தமாகவே அளக்கும். ஆனால் அப்போது அது ஸ்டீரியோ 70-இன் இரும்பில் ஓடும் வேறொரு ஆம்ப். பழைய போர்டு கருகி, இரண்டு தடங்களுக்கு நடுவே கரி பிடித்திருந்தால் மட்டும் நான் அதற்குச் சம்மதிப்பேன்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்கள் பிழைத்திருக்கின்றனவா என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். ஆஃப் செய்த பிறகும் நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இந்த வோல்டேஜில் முன்பின் பழக்கமில்லை என்றால் மின்சாரம் கொடுத்துச் செய்யும் வேலை அனைத்தையும் பழக்கமுள்ள ஒருவரிடம் விட்டுவிடுங்கள். இரண்டு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரிலும் சேர்த்து மேலே சொன்ன நான்கு அளவுகளை ஓமில் எடுக்க மட்டும் உங்களாலேயே முடியும். அந்த நான்கு எண்களையும் இங்கே எழுதுங்கள். அதுவரை எந்த 7199-க்கும் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.